கருவண்டு குடைந்த மரத்தைத் திருத்துவதும் காப்பதும்: வன்னி வளவுகளுக்கான வழிகாட்டி

மாட்டுக்கொட்டிலின் கூரையைத் தாங்கும் வளைமரத்துக்கு நேர்கீழே, விடியற்காலையில் கூட்டிவிட்டுப் போன நிலத்தில், மாலையாகும்போது ஒரு கைப்பிடி மரத்தூள் குவிந்திருந்தால் அண்ணாந்து பார்க்க வேண்டும். வளையின் அடிப்பக்கத்தில், துறப்பணம் வைத்துத் துளைத்ததுபோல வட்டம் பிசகாத ஒரு துளை தெரியும். சுண்டுவிரல் நுனி அதற்குள் மட்டாகப் புகும். சற்று நேரம் நின்றால், பளபளக்கும் கரிய உடலும் வெயிலில் நீலமாகவும் ஊதாவாகவும் மின்னும் சிறகும் கொண்ட பருத்த பூச்சியொன்று உரத்த இரைச்சலுடன் வந்து அத்துளைக்குள் நுழைவதைக் காணலாம். கருவண்டு என்று நாம் சொல்லும் இப்பூச்சி தேனீக்களின் உறவினம். நூல்களில் இதைத் தச்சுத்தேனீ என்று எழுதுவர். சைலோகோப்பா என்ற அதன் அறிவியற் பெயரும் மரம் வெட்டுவது என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே.

தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டையும் சிலர் கருவண்டு என்றே அழைப்பதால், ஒன்றுக்குரிய மருந்தை மற்றையதற்குச் சொல்லிவிடுவது நடக்கிறது. இங்கே எழுதுவது முழுவதும் காய்ந்த மரத்தில் கூடு குடையும் தேனீயைப் பற்றியதாகும். அது மரத்தைத் தின்பதில்லை. பூந்தேனும் மகரந்தமுமே அதன் உணவு. மரத்தை அது கடித்துத் துப்புவது குஞ்சுகளுக்கு அறை அமைப்பதற்காக மட்டுமே. பின்னாற் சொல்லப்படும் திருத்த முறைகளில் பாதி இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன என்பதால் அதை முதலிலேயே மனத்திற் கொள்வது நல்லது.

இலங்கையின் வடபகுதியான வன்னியில் இதை அலட்சியம் செய்ய முடியாததற்குக் காரணம் மரத்தின் அருமையாகும். முதிரையும் பாலையும் வீரையும் காட்டில் நிற்கின்றன என்பதற்காக நாம் போய் வெட்டி வந்துவிட முடியாது. வெட்டுவதற்கும் ஏற்றி வருவதற்கும் அனுமதி வேண்டும். வளவுக்குள் நிற்கும் பெண்பனையைத் தறிப்பதற்கும் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். 2009க்குப் பின்னர் மீளக் குடியேறிய ஊர்களில், கொட்டில்களுக்கும் பத்திகளுக்கும் பந்தல்களுக்கும் வேம்பு, தென்னை, மா, பூவரசு என்று கையிற் கிடைத்த மரமே பெரும்பாலும் ஏறியது. முற்றிய வைரமரத்தைவிட இத்தகைய இளமரத்தையும், வெயிலில் நரைத்துப்போன பூச்சில்லாத மரத்தையுமே கருவண்டு முதலில் தேடி வருகிறது. ஆகவே ஏறிய மரத்தைக் கழற்றாமல், இருந்த இடத்திலேயே திருத்தத் தெரிந்திருப்பது இங்கே வீட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் வேண்டிய அறிவாகும்.

துளையைப் பார்த்துப் பூச்சியை அறிதல்

வெளிமரத்திற் காணப்படும் எல்லாத் துளையும் கருவண்டின் வேலை அன்று. கறையான் வட்டத் துளை இடுவதில்லை. மண்ணாற் கட்டிய குழாய்வழியே நிலத்திலிருந்து ஏறி, மேற்பரப்பை மெல்லிய தோல்போல விட்டுவிட்டு உள்ளீட்டைத் தின்னும். மரத்தை உளுக்கச் செய்யும் சிறுவண்டு, ஊசித்துளை அளவிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீற்றர் வரையான நுண்துளைகளை நெருக்கமாக இட்டு, கோதுமை மாப்போன்ற மென்தூளைக் கொட்டும். கருவண்டின் துளையோ 10 முதல் 15 மில்லிமீற்றர் வரை அகலமானது; அதன் தூள் வாளால் அறுத்ததுபோலப் பருமனாக இருக்கும்; துளைக்குக் கீழே மரத்திலும் சுவரிலும் மஞ்சட் கபில நிறத்தில் ஒழுகிக் காய்ந்த கோடுகள் காணப்படும். அவை பூச்சியின் எச்சமாகும். அயல் ஓய்ந்த மத்தியான வேளையில் மரத்தோடு காதை வைத்தால், உள்ளே சுரண்டும் ஒலியும் கேட்கும்.

துளையின் உள்ளமைப்பை அறியாமல் திருத்தம் செய்ய முடியாது. வாசல் மரத்தின் இழையோட்டத்துக்குக் குறுக்காக இரண்டு மூன்று சென்டிமீற்றர் உள்ளே சென்றதும் செங்கோணமாகத் திரும்பி, இழை ஓடும் திசையில் ஒரு பக்கமாகவோ இரு பக்கமாகவோ நீளும். அந்தச் சுரங்கத்தின் கடைசியில் பெண்பூச்சி மகரந்தமும் தேனும் பிசைந்த உருண்டையொன்றை வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, கடித்த மரத்தூளால் இடைச்சுவர் எழுப்பி மூடும். பின்னர் அதற்கு முன்னால் அடுத்த அறையை அமைக்கும். முடிந்த கூட்டைப் பிளந்து பார்த்தால் மூங்கிலின் கணுக்கள்போல அறைகள் வரிசையாக இருக்கும். புதிய சுரங்கம் பெரும்பாலும் ஒரு சாணுக்கு மேற்படாது. ஆனால் அங்கே பிறந்த பூச்சிகள் புதிய வாசல் திறப்பதைவிடப் பழைய வாசலாற் புகுந்து உள்வழியை நீட்டவும் கிளைவிடச் செய்யவுமே விரும்புகின்றன. ஆண்டுக்கணக்கிற் கவனியாமல் விட்ட தீராந்தி என்னும் உத்தரத்தில், வெளியே ஒற்றைத் துளை மட்டும் தெரிய, உள்ளே பல கிளைகள் ஓடியிருப்பது இதனாலேயே.

முகத்துக்கு முன்னால் வந்து நின்று இரைந்து மிரட்டுவது ஆண்பூச்சி. அதற்குக் கொடுக்கு இல்லை. சில இனங்களில் அதன் உடல் மஞ்சட் கபில மயிர் போர்த்தியிருக்கும். பெண்பூச்சிக்குக் கொடுக்கு உண்டு என்றாலும், கையால் அமுக்கினாலோ துளைக்குள் விரலை விட்டாலோ அன்றி அது கொட்டுவது அரிது. பிள்ளைகளுக்கு இவ்விரண்டையும் சொல்லிக் கொடுத்துவிட்டால், அவர்கள் தடியால் அடித்துக் கலைக்க வேண்டிய தேவை இராது.

எந்த மரத்தை முதலிற் பார்ப்பது

துளைகளின் எண்ணிக்கையைக் கண்டு பதறுவதைவிட, துளை எந்த மரத்தில், அம்மரத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்ப்பதே முக்கியம். கூரைச் சரிவைத் தாங்கும் நான்குக்கு இரண்டு அங்குலக் கைமரம் ஒன்றின் குறுக்குவெட்டு ஏறத்தாழ 50 சதுர சென்டிமீற்றர்; அதில் 12 மில்லிமீற்றர் அகலமான ஒரு சுரங்கம் எடுப்பது ஒன்றேகால் சதுர சென்டிமீற்றருக்கும் குறைவு. கைமரத்தின் உயரத்தில் நடுப்பகுதியூடாக அச்சுரங்கம் சென்றால், மரத்தின் தாங்குவலு அவ்வளவாகக் குறையாது. அதே சுரங்கம், இரண்டு முட்டுகளுக்கு நடுவே, மரத்தின் அடிவிளிம்பை ஒட்டி ஓடினால் கதை வேறு. பாரம் அழுத்தும்போது வளைந்து இழுபடுவது அடிவிளிம்பே. அங்கே இழை அறுந்தால் மரம் அந்த இடத்திலேயே பிளக்கும். கருவண்டு கீழிருந்து மேல்நோக்கிக் குடைவதையே விரும்புவதால், நாம் அஞ்ச வேண்டிய இடமும் அதுவே. ஓட்டைத் தாங்கும் இரண்டுக்கு ஓரங்குலச் சலாகையிலோ அதே சுரங்கம் பருமனிற் சரிபாதியைத் தின்றுவிடும்; இருபுறமும் எஞ்சுவது ஆறேழு மில்லிமீற்றர்தான். சலாகையிற் கருவண்டு புகுந்தால் திருத்த முயலாமல் அந்தத் துண்டை மாற்றிவிடுவதே எனது வழக்கம்.

சுரங்கத்தின் நீளத்தை அறிவதற்குத் தென்னை ஈர்க்கு போதும். பச்சை ஈர்க்கின் மெல்லிய நுனியைத் துளைக்குள் விட்டு, அது முட்டியதும் மெதுவாகச் சுழற்றினால், வளைந்து சுரங்கத்தின் வழியே செல்லும். எவ்வளவு தூரம் சென்றது என்பதை நகத்தால் அடையாளமிட்டு, வெளியே எடுத்து மரத்தின்மேற் பிடித்துச் சுண்ணக்கட்டியாற் கோடிட வேண்டும். இரு திசையிலும் அவ்வாறு செய்தபின், சுத்தியலின் பிடியால் அந்தக் கோட்டின் வழியே தட்டிக்கொண்டு போனால், கோடு முடிந்த பின்னரும் வெற்றொலி தொடர்கிறதா என்று தெரியும். தொடர்ந்தால் உள்ளே கிளை உண்டு, அல்லது மழைநீர் புகுந்து மரம் உக்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். உக்கல்தான் இரண்டாவது கேடு. துளை மேல்நோக்கியோ காற்றுப் பக்கமாகவோ இருந்தால், மாரியில் நீர் சுரங்கத்துக்குள் தங்கி, பூச்சி செய்ததைவிடப் பெரிய அழிவைச் செய்யும். அந்த இடத்தில் ஓர் ஆணியை அழுத்திப் பார்த்து, எதிர்ப்பின்றி இறங்கினால் மரம் கெட்டுவிட்டது என்று பொருள்.

மூன்றாவது கேட்டைச் செய்வது மரங்கொத்தி. சுரங்கத்துள் இருக்கும் புழுக்களைத் தேடி அது கோட்டின் நெடுகிலும் மரத்தைச் செதுக்கித் திறந்துவிடும். தென்னிலங்கையில் செந்நிற முதுகுடன் காணப்படும் மரங்கொத்தியின் உறவான, எமது வடபகுதிக்குரிய பொன்முதுகு மரங்கொத்தி ஒரு தூணைக் கொத்துவதைக் கண்டால், அதை விரட்டுவதற்கு முன் அது கொத்திய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடு எங்கே ஓடுகிறது என்பதை அது எங்களைவிடச் சரியாக அறிந்திருக்கும்.

வரிசைப்படுத்திச் சொல்வதானால், மனிதர் ஏறி நிற்கும் மரமே முதலிடத்துக்குரியது. யானைக்கும் பன்றிக்கும் காவலாக வயலோரத்திற் கட்டும் பரணைப் பெரும்போகம் முடிந்ததும் நாம் மறந்துவிடுகிறோம். அடுத்த விதைப்புவரை ஆறேழு மாதங்கள் அது வெயிலிற் காய்ந்து நிற்கிறது. காட்டுக்கம்புகளாற் கட்டிய, பூச்சில்லாத, ஆள் நடமாட்டமற்ற பரணைவிட நல்ல இடம் கருவண்டுக்குக் கிடைக்காது. மீண்டும் இரவில் ஏறும்போது, மேற்தட்டைத் தாங்கும் குறுக்குத் தடிகள் உள்ளே வெறுமையாகியிருந்தால் விளைவு உயிரோடு விளையாடுவதாகும். ஆகவே காவலுக்கு ஏறுவதற்கு முன்னர், பகல் வெளிச்சத்தில், பரணின் ஒவ்வொரு குறுக்குத் தடியையும் அடிப்பக்கமிருந்து பார்த்துத் தட்டிப் பரிசோதிக்க வேண்டும். துளை கண்ட தடியை முளையடித்துத் திருத்த வேண்டாம், மாற்றுங்கள். ஏணிச் சட்டம், ஊஞ்சல் வளை, கிணற்றில் நீர் இறைக்க இன்னும் துலா வைத்திருப்போரின் துலாவும் துலாக்காலும் இதே வகையைச் சேர்ந்தவை. கூரை மரம் அதற்கடுத்தது. வேலித் தூணும் படலைச் சட்டமும் உட்காரும் வாங்குப் பலகையும் பந்தற்காலும் பொறுத்திருக்கக் கூடியவை.

கூடு வெறுமையாகும்வரை பொறுத்தல்

பலரும் துளையைக் கண்ட அன்றே அடைத்துவிடுகின்றனர். நானும் எமது கொட்டிலில் முதன்முறை அதைத்தான் செய்தேன்; மூன்று துளைகளைச் சீமெந்துக் களியால் மூடிவிட்டு நிம்மதியாக இருந்தேன். உள்ளே அடைபட்ட பூச்சிகள் இரண்டு வாரத்துக்குள் அம்மூன்றுக்கும் அருகே புதிய வாசல்கள் குடைந்து வெளிவந்தன. மரத்தில் மூன்றுக்குப் பதில் ஆறு துளைகள் ஆயின. அடுத்த மாரி வருமுன்னரே சீமெந்தும் சுருங்கி விலகிக் கழன்று விழுந்தது. உயிருள்ள கூட்டை அடைப்பது மரத்துக்கு நன்மை செய்யாது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

முட்டை பொரித்துப் புழுவாகி, கூட்டுப்புழுவாகி, சிறகுள்ள பூச்சியாக மாற ஏறத்தாழ ஒன்றரை மாதம் செல்லும். அதன்பின்னும் இளம் பூச்சிகள் சில காலம் தாயுடன் கூட்டிலேயே தங்கும். எமது வெப்ப நாட்டில் ஆண்டுக்கு ஒரு தடவைக்கு மேலும் அவை கூடு கட்டக்கூடும். ஆகவே நாட்காட்டியை நம்பாமல் துளையையே கேட்டறிய வேண்டும். அதற்கு நான் கையாளும் முறை எளிது. பத்திரிகைக் கடதாசியில் ஒரு சிறு துண்டைக் கிழித்து, சோற்றுக் கஞ்சி தடவி, வாசலின்மேல் ஒட்டிவிடுகிறேன். உள்ளே பூச்சி இருந்தால் மறுநாளே கடதாசி கிழிந்திருக்கும். வெளியிலிருந்து திரும்பும் தாயும் அதைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும். கிழிந்தால் அப்படியே விட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஒட்டுவேன். தாய் இறந்து புழுக்கள் மட்டும் எஞ்சியிருந்தாலும் கடதாசி கிழியாது என்பதால், ஒரு வாரம் கிழியாமல் இருந்தது என்று அவசரப்படக் கூடாது. ஒன்றரை மாதம் முழுதாக இருந்தால் மட்டுமே கூடு வெறுமை என்று முடிவு செய்ய வேண்டும்.

இந்தப் பரிசோதனையைத் தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் தொடங்கினால், ஆவணி முடிவில் அல்லது புரட்டாதியில் துளைகளை அடைத்து, ஐப்பசி மழைக்கு முன்னர் பெயின்ற் பூசி முடிக்கலாம். இதில் வேறொரு நன்மையும் உண்டு. நீண்ட கோடையின் இறுதியில் மரம் மிகவும் காய்ந்து சுருங்கியிருக்கும். அப்போது காய்ந்த மரத்தில் காய்ந்த முளையை அடித்தால், மாரியில் இரண்டும் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து ஒன்றையொன்று இறுகப் பற்றும். மழைக்காலத்தில் ஈரமுளை அடித்தவர் கோடையில் அது தளர்ந்து ஆடுவதைக் காண்பார்.

பொறுத்திருக்க முடியாத இடமும் உண்டு. கூரையைத் தாங்கும் மரத்தில் ஆபத்தான சுரங்கம் இருந்தால், முண்டு கொடுத்து அந்தத் துண்டை அறுத்தெடுத்து, கூட்டோடு தோட்டத்தின் ஓரத்தில் நிழலான இடத்தில் கட்டிவிடலாம். மாலைக் கருக்கலில், தாய் உள்ளே திரும்பிய பின்னர், வாசலைத் துணியால் அடைத்துக்கொண்டு அறுப்பது பாதுகாப்பானது. துணியை இடம் மாற்றிய பின்னரே எடுக்க வேண்டும். இனி, குடைவு இப்போதுதான் தொடங்கி ஒரு சென்டிமீற்றர் ஆழம்கூட ஆகவில்லையென்றால், முட்டை இட்டிருக்க வாய்ப்பில்லை. பூச்சி வெளியே போன நேரத்தில் உடனே அடைத்துவிடலாம்.

துளையை அடைத்தல்

வெறுமையான சுரங்கத்தை முதலிற் சுத்தம் செய்ய வேண்டும். சைக்கிள் ஸ்போக் கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து, பழைய இடைச்சுவர்களையும் எஞ்சிய மகரந்தத்தையும் சுரண்டி எடுத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்துத் தூளை வெளியேற்றலாம். மகரந்தம் எஞ்சினால் எறும்பு குடியேறும், ஈரமும் தங்கும். சுத்தம் செய்தபின் இரண்டு மூன்று நாள் வெயிற்காலத்தில் திறந்தே காய விட வேண்டும்.

அதன்பின் பாத்திரம் தேய்க்கும் கம்பிப்பஞ்சைச் சிறிது சிறிதாக நீட்டி, சுரங்கம் திரும்பும் மூலைவரை இறுக்கித் திணிக்க வேண்டும். பூச்சி மரத்தையும் சிலிக்கோன் பசையையும் நுரை அடைப்பையும் கடித்துவிடும். கம்பியை அதனாற் கடிக்க முடியாது. துருப்பிடிக்காத வகைக் கம்பிப்பஞ்சு கிடைத்தால் அதையே வாங்குங்கள். சாதாரண வகையின் துரு மழையிற் கரைந்து மரத்தில் கறையாக வழியும். வாசலிலிருந்து இரண்டு சென்டிமீற்றர் ஆழத்தை வெறுமையாக விட்டு, அந்த இடத்துக்குச் சரியான ஒரு மரமுளையைச் செதுக்க வேண்டும். முளைக்கு வைரமரம் வேண்டும். தச்சுப்பட்டறையில் வீணாகும் முதிரைத் துண்டுகள் இதற்கு மிகவும் பொருத்தமானவை. ஓடாவியாரிடம் கேட்டால் ஒரு பையளவு தருவார். முளையின் இழை, துளையின் திசையில் ஓடுமாறு செதுக்கி, நுனியை மிகச் சிறிதளவு ஒடுக்கி, நீரிற் கரையாத மரப்பசை தடவி, கொட்டாப்புளியால் அடித்து இறக்க வேண்டும். பசை காய்ந்ததும், துருத்தி நிற்கும் பகுதியை உளியாற் சீவி, அரத்தாளால் மட்டம் செய்தால், பெயின்றின் கீழ் முளை இருந்த இடமே தெரியாது.

முளை பொருந்தாத வடிவில், மரங்கொத்தி கொத்தி அகட்டிய இடங்களை, அரித்தெடுத்த மரத்தூளையும் மரப்பசையையும் குழைத்த களியால் நிரப்பலாம்; ஒரே தடவையில் ஆழமாக நிரப்பினாற் சுருங்கி வெடிக்கும் என்பதால், படைபடையாக, ஒன்று காய்ந்தபின் மற்றொன்றாக நிரப்ப வேண்டும். சீமெந்து வேண்டாம். மரம் ஈரத்துக்கும் வெயிலுக்கும் ஏற்பப் பருத்துச் சுருங்கும். சீமெந்து அவ்வாறு அசையாது. இரண்டுக்குமிடையே விழும் வெடிப்பில் நீர் தங்கும்.

சுரங்கம் நீண்டு, ஆனால் மரம் உக்காமல் இருந்தால், கைமரத்தைக் கழற்றாமல் பக்கத்தில் கூட்டுமரம் வைத்துப் பலப்படுத்தலாம். முதலில் கீழிருந்து முண்டு கொடுத்து, தொய்ந்த கைமரத்தைப் பழைய மட்டத்துக்கு மெதுவாக உயர்த்த வேண்டும்; தொய்வோடு சேர்த்துப் பூட்டினால், அந்தத் தொய்வு நிரந்தரமாகிவிடும். கூட்டுமரம் கைமரத்தின் அதே உயரமுள்ளதாகவும், சுரங்கத்தின் இரு முனைகளையும் தாண்டி ஒவ்வொரு பக்கமும் இரண்டு அடியாவது நீள்வதாகவும் இருக்க வேண்டும். ஆணி மட்டும் போதாது. இரண்டையும் ஊடுருவும் போல்ற்றுகளை, வாசர் வைத்து, சுரங்கம் ஓடாத நல்ல மரத்தில், மேலொன்று கீழொன்றாக மாற்றி மாற்றிப் போட வேண்டும். இரண்டு மரங்களும் தொட்டுக்கொள்ளும் முகங்களில் முன்னரே பெயின்ற் பூசிவிடுவது அவசியம். பின்னர் அந்த இடுக்குக்குள் தூரிகை போகாது.

திரும்பி வராமல் தடுத்தல்

அடைத்த துளைக்கு ஒரு சாண் தள்ளிப் புதிய துளை விழுந்தால் செய்த வேலை பயனற்றுப்போகும். கருவண்டு பூச்சற்ற மரத்தின் கரடுமுரடான பரப்பையும், வெடிப்பையும், பழைய ஆணித் துளையையும் தொடக்க இடமாகக் கொள்கிறது. ஆகவே மரத்தைச் சீவுளியால் மழமழப்பாக்கி, வெடிப்புகளை நிரப்பி, அடிப்பூச்சு ஒன்றும் எனாமல் பெயின்ற் இரண்டு பூச்சும் இடுவதே நான் கண்டவற்றுள் நம்பத்தக்க தடுப்பு. வார்னிஷும் எண்ணெய்ப் பூச்சும் பெயின்றளவு தடுப்பதில்லை. பூசும்போது கண்ணுக்குத் தெரியும் முன்பக்கத்தோடு நின்றுவிடுவது பெரிய குறை. பூச்சி குடைவது அடிப்பக்கத்திலும், ஓட்டுக்குக் கீழே மறைந்த பின்பக்கத்திலும், அறுத்த முனைகளிலுமே. புதிதாகக் கட்டுவோர், மரத்தைக் கூரைக்கு ஏற்றுமுன்னர் நிலத்தில் வைத்தே நான்கு பக்கமும் இரு முனையும் பூசிவிட்டால், பின்னர் ஏணி வைத்துத் திண்டாட வேண்டியதில்லை.

வேப்பெண்ணெயைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். துளை தொடங்கிய இடத்தில் துணியால் தோய்த்துத் தடவினால், அதன் மணம் சில நாட்களுக்குப் பூச்சியை விலக்கும். எமது வெயிலில் அது நெடுநாள் நிற்காது. வாரமொருமுறை புதுப்பிக்க வேண்டும். பெயின்ற் பூசும்வரையான இடைக்கால உதவியாக மட்டும் அதைக் கொள்ளலாம். வெண்காரக் கரைசல் உளுக்கும் பூச்சிக்கும் கறையானுக்கும் எதிராக உதவுவது, அவை மரத்தைத் தின்பதாலாகும். மரத்தைத் தின்னாத கருவண்டுக்கு அது தடையாக அமையாது. கழிவு எஞ்சின் ஒயிலை வேலித் தூண்களுக்குப் பூசும் வழக்கம் எங்கும் உண்டு. மாடும் ஆடும் உரசி நக்கும் இடத்திலும், கிணற்றுக்கு அருகிலும் அதைப் பூசாதீர்கள். அதிலுள்ள உலோகக் கழிவுகள் மழையோடு நிலத்துக்கு இறங்கும்.

கத்தரிக்கு அடித்து மிஞ்சிய கிருமிநாசினியைத் துளைக்குள் ஊற்றுவதையும், மண்ணெண்ணெய்ப் பந்தத்தால் சுடுவதையும் உறுதியாக எதிர்க்கிறேன். கிடுகு வேய்ந்த கொட்டிலில், காய்ந்த தூள் நிறைந்த சுரங்கத்துக்கு நெருப்புக் காட்டுவது, பூச்சிக்காகக் கூரையையே பறிகொடுப்பதாக முடியும். பயிருக்குரிய நஞ்சை மனிதரும் கன்றுகாலியும் தங்கும் கூரைக்கு அடிப்பதோ, நம் மூச்சுக்குள் வந்துசேரும்.

கருவண்டுக்கு ஓரிடம்

இந்தப் பூச்சியை முற்றாக ஒழிக்கச் சொல்லாமல், இடம் மாற்றச் சொல்வதற்குக் காரணம் எமது தோட்டங்களே. கொடித்தோடை (பாஷன் பழம்) பூவில் மகரந்தப்பையும் சூல்முடியும் உயரத்தில் இருப்பதால், சிறிய தேனீ தேனை மட்டும் குடித்துவிட்டுக் கீழாகவே போய்விடும். கருவண்டின் பருத்த முதுகுதான் இரண்டிலும் உரசி மகரந்தத்தைச் சேர்க்கும். கத்தரிப் பூவின் மகரந்தம் நுண்துளைக்குள் அடைபட்டிருக்கிறது. பூவைப் பற்றிக்கொண்டு சிறகுத் தசையை அதிரச் செய்யும் பூச்சியால்தான் அது நன்றாக உதிரும். கருவண்டு அதைச் செய்யும். முருங்கைப் பூவுக்கும் எருக்கம் பூவுக்கும் அது தவறாமல் வருகிறது. கருவண்டு இல்லாத தோட்டத்தில், கொடித்தோடை வளர்ப்போர் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தடவ வேண்டியிருக்கும்.

காய்ந்த முள்முருக்கு அல்லது சீமைக்கிளுவைக் கட்டைகளை, கணுக்காலளவு பருமனும் இரண்டு முழ நீளமும் உள்ளனவாகத் தெரிந்து, மழை படாத சிறு கூரையின் கீழ், நெஞ்சளவு உயரத்தில், காலை வெயில் படும் பக்கமாகக் கிடையாகக் கட்டுங்கள். கட்டையின் அடிப்பக்கத்தில் 12 மில்லிமீற்றர் துறப்பணத்தால் மூன்று சென்டிமீற்றர் ஆழத்துக்கு இரண்டு மூன்று தொடக்கத் துளைகள் இட்டுவிட்டால், பூச்சி அங்கே வேலையைத் தொடங்குவது எளிதாகும். வீட்டிலிருந்து இருபது முப்பது அடியாவது தள்ளி, தோட்டத்துக்கு அண்மையில் இது அமைய வேண்டும். வீட்டு மரத்துக்குப் பெயின்ற் பூசும் அதே பருவத்தில் கட்டைகளையும் தொங்கவிடுவது முக்கியம்; பழைய வாசல் மூடப்பட்ட பூச்சி அருகே வேறிடம் தேடும் நேரம் அதுதான். முதல் ஆண்டில் அவை வராமற் போகலாம். கட்டைகளைக் கழற்றிவிட வேண்டாம். எமது வளவில் இரண்டாம் கோடையில்தான் முதற் கட்டைக்குக் கீழே மரத்தூள் விழுந்தது. கட்டை உக்கினால், புதியதை அதனருகே கட்டி, பழையதில் உள்ள கூடு வெறுமையான பின்னரே அகற்ற வேண்டும்.

மழை விட்ட தை மாதத்தில் ஒரு தடவை ஏணி வைத்து ஏறி, முளைகளின் ஓரத்திற் பெயின்ற் வெடித்து வட்டக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், முளை ஆடாதவரை கழற்ற வேண்டியதில்லை. அந்த ஓரத்தை அரத்தாளால் தேய்த்து, காய்ந்த நாளொன்றில் அவ்விடத்துக்கு மட்டும் இரண்டு பூச்சு இட்டால் போதும்.